பேசணும்

ஆறு டிக்கெட்டு எடுத்திருந்தாங்க.
கடைசி நேரத்துல மருமகனுக்கு வயித்தால போனதுல
ஒண்ணு மிஞ்சிருச்சு.
"புஷ்பலீலா, நீயும் வெளிக்கிடு"ன்னாங்க மங்களம்மா,
மிஞ்சின இடியப்பத்த எடுத்துக்கன்னு சொல்ற
அதே குரல்ல.

ஆஸ்பத்திரி வீதி மோல்ல மேல் மாடி.
நகருற படியில கால் வைக்க அவங்களுக்குப் பயம்,
என் தோளப் புடிச்சிக்கிட்டாங்க.
கன்னாதிட்டியில மூணு நகைக் கடை.
கையில அம்புட்டுப் பாரம்.

உள்ள ஏசி. எல்லாரும் நடுங்குனாங்க.
மஸ்கெலியாவுல இது சித்திரை மாசத்துக் குளிரு,
நான் பாட்டுக்குக் கடலை தின்னேன்.

நேபாளத்துலேருந்து ஒருத்தி
மெட்ராஸுல ஒரு பங்களாவுக்கு வேலைக்கு வர்றா.
பாஷை தெரியாது. உப்புன்னா சீனிய நீட்டுறா.
கால் வழுக்கி மீன் தொட்டிக்குள்ள விழுறா.
தியேட்டரே சிரிச்சுச்சு,
ஐயாவுக்குப் பொரை ஏறிருச்சு.
எனக்கு வேற கவலை:
அம்புட்டுத் தண்ணிய யாரு தொடைப்பா?
அடுத்த சீன்ல தரை காஞ்சு பளபளங்குது.
வேலைக்காரியா நடிச்ச புள்ளைக்கு
நகம் ஒவ்வொண்ணும் முருங்கைப் பூ.

அபிஷாயினி என் காதுல,
"அக்கா, உங்கட கதை" ங்குது.
எனக்கும் தமிழ்தான் பாப்பா.
வந்த மொத வாரம்
"அம்மா, உங்ககிட்டப் பேசணும்"னேன்,
சம்பளத்துல கொஞ்சம் முன்கூட்டிக் கேக்கத்தான்.
மங்களம்மா மூஞ்சி செவந்துருச்சு.
"ஆர் நீ என்னைப் பேச?"
இங்க பேசுறதுன்னா ஏசுறதாம்.
சும்மா வாயத் தொறந்தா அது கதைக்கிறது.
அன்னியிலேருந்து கதைக்கிறேன்.
ஆமாவ ஓம்னு மாத்திக்கிட்டேன்,
அடுப்படியக் குசினின்னு,
நாக்காலியக் கதிரைன்னு.
கதிரையில உக்காரத்தான் யாரும் சொல்லல,
நாலு வருசமா.

இடைவேளைக்குப் பொறகு
வேலைக்காரி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா.
ராத்திரி பங்களாக்காரம்மா டீ போட வர்றா.
சீனி எங்கன்னு தெரியல.
ஒரு கதவத் தொறந்தா பருப்பு.
இன்னொண்ணத் தொறந்தா எலிப்பொறி.
சொந்த வீட்டுல திருட வந்தவ மாதிரி முழிக்கிறா.
வயலின் அழுவுது. ஊசி விழுந்தாக் கேக்கும்.

நான் சிரிச்சிட்டேன்.
வாயப் பொத்துனா மூக்கு வழியா வருது.
முன்னாடி மூணு வரிசை திரும்பிப் பாத்துச்சு.
"விசரே உனக்கு? உது அழுற இடம்"ன்னாரு ஐயா.

கடைசியில அவ திரும்பி வந்துட்டா.
எல்லாரும் கட்டிப் புடிச்சி ஒரு போட்டோ.
லீவு கேட்டாளா, குடுத்தாங்களா,
ஒண்ணும் காட்டல. பேரு ஓட ஆரம்பிச்சிருச்சு.

வேன்ல ஒருத்தரும் கதைக்கல.
நல்லூர்க்கிட்ட மாடு ஒண்ணு குறுக்க நின்னப்போ
ஹாரன் மட்டும்.

குசினி லைட்டப் போடுறேன்,
பின்னாலயே மங்களம்மா.
"நீ இரு. தேத்தண்ணி நான் போடுறன்."
எங்க ஊருல இருன்னா, கொஞ்சம் நில்லு.
இங்க இருன்னா, உக்காரு.
எதுக்கும் கொஞ்ச நேரம் நின்னேன்.
பொறகு கதிரைய இழுத்தேன்,
தரையில அது போட்ட சத்தம்
எனக்கே கூச்சமா இருந்துச்சு.

மொதக் கதவு: மிளகாய்த் தூளு.
ரெண்டாவது: ஐயாவோட பழைய கலண்டருங்க,
யாரும் கேக்காத ஒரு நெய்விளக்கு.
சீனி இருக்கிறது எறும்புக்குப் பயந்து
அரிசி வாளிக்குப் பின்னால, ஹோர்லிக்ஸ் போத்தல்ல.
நான் சொல்லல.

மூணாவது கதவுல கைய வச்சபடி
திரும்பி என்னப் பாத்தாங்க.
சிரிக்கப் போறாங்களா, ஏசப் போறாங்களா,
அந்த மூஞ்சிய வச்சி ஒண்ணும் சொல்ல முடியல.
கேத்தல் கொதிச்சு மூடி ஆடுது.

"அம்மா"ன்னேன்,
"உங்ககிட்டப் பேசணும்."